ராதாமணி கண்ட வெளிச்சம்

அத்தியாயம் 14

சொர்ணத்தாய் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். அம்மன் ஒருத்தி. இனிமேல் அவள் யார் மேல் இறங்குவாள்? பசுவந்தனைக்குக் கிழக்கே அந்தச் சின்ன ஊரில் இந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். கேபிள் டிவி நாடகத்தைக்கூட ஒருத்தரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

வெயிலுகந்த அம்மன் கோயிலில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நட்ட அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாம்பிராணிப் புகை எழும்பியதுதான் தாமதம், இளைய மருமகள் கிருஷ்ணப்ரியா தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரிசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறி, குடம் குடமாய் வேர்த்து, ஓங்கரித்தாள். பக்கத்தில் குலவை போட்டுக்கொண்டிருந்த, அம்மன் பெயரையே வைத்திருக்கிற உறவுக்காரி வெயிலுகந்தம்மாள் குலவையைப் பாதியில் விட்டுவிட்டு, "ஆத்தா இறங்கிட்டாடீ! இந்த வருசம் இளையவ மேல இறங்கிட்டா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

மூத்தவள் ராதாமணிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே?

வருஷம் முழுக்க அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'ஏட்டி'. ஏட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா? ஏட்டி, கிடைக்குச் சோறு போச்சா? புருஷன் கோபாலசாமி ஆட்டுக்கிடையோடு காடு காடாய்த் திரிகிற மனுஷன். பெண்டாட்டியிடம் பேசுவதைக் காட்டிலும் ஆட்டிடம் பேசுவது அதிகம். ஆனால் பங்குனிக் கொடை அன்றைக்கு, உச்சி நேரத்தில் மட்டும், எல்லாம் தலைகீழாக மாறிவிடும். அதே மாமியார் "தாயே!" என்று அவள் காலில் விழுவாள். அதே கோபாலசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்பான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் சாணி அள்ளினாள்.

அந்த அம்மனுக்குக் கூரை கிடையாது. வெயிலை உகந்து நிற்கிறவள், மேலே ஓலைகூடப் போடக்கூடாது என்பது கட்டுப்பாடு. வீட்டு மருமகள் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், பங்குனி வெயிலில், பொங்கல் பானைக்கு முன்னால் நிற்க வேண்டும். ராதாமணி கல்யாணமாகி வந்த முதல் கொடையிலேயே அவள் கண்ணோரத்தில் வெளிச்சம் வந்தது. பொடிப்பொடியாய் மின்னிக்கொண்டு, நெளிநெளியாய்ப் பெருகிக்கொண்டே வந்தது. கை மரத்தது, உதடு மரத்தது, நாக்கு குழறியது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர் அடியை மாற்றினார். அப்புறம் தலை பிளக்கிற வலி, வாந்தி. அதற்கு ஊரில் பெயர், ஆத்தா இறங்கி ஏறின அசதி.

அன்றிலிருந்து அவள்தான் அந்தக் குடும்பத்துச் சாமியாடி. அவளும் அதை மனசார நம்பினாள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிருஷ்ணப்ரியாவை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே ராதாமணியின் கைதான். போன கொடையில் இளையவன் கார்த்திகேசனுக்கு இரண்டு சம்பந்தம் காத்திருந்தது. எட்டயபுரத்துப் பெண் ஒன்று, மணியாச்சிப் பெண் ஒன்று. சொர்ணத்தாய் செவ்வரளியை ஒரு இலையிலும் வெள்ளரளியை ஒரு இலையிலும் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்தாள். செவ்வரளி என்றால் எட்டயபுரம். வெளிச்சம் ஆடுகிற கண்ணோடு ராதாமணி கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி. அம்மன் வாக்கு! ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

வந்தவளுக்கோ தலைவலி.

தலைவலி யாருக்குத்தான் வராது? ஆனால் இவளுக்கு வந்தால் வீடே மூச்சடக்கி நிற்கும். பருத்தி போட்டு வைக்கிற அறையைக் காலி பண்ணி, சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, இருட்டாக்கிக் கொடுத்தாள் சொர்ணத்தாய். "ஏட்டி ராதா, அம்மியச் சத்தமில்லாம அரை, புள்ள படுத்திருக்கா" என்று உத்தரவு வேறு. அம்மியை எப்படித்தான் சத்தமில்லாமல் அரைப்பது? கார்த்திகேசன் மில் வேலை முடிந்து வருகிறபோது கோவில்பட்டியிலிருந்து ஐஸ் கட்டியைத் தூக்குவாளியில் வாங்கி, உருகுவதற்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவான்.

ராதாமணிக்குத் தலை வலித்த நாளெல்லாம் மாமியார் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வேலையப் பாரு, தன்னால போயிரும்." அவளும் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, வாயில் போட்டு முழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். வாரத்தில் பாதி நாள் மாத்திரைதான். யாருக்குத் தெரியும்? யார் கேட்டார்கள்?

ஐஸ் கட்டியும் அவளுக்கு. இருட்டு அறையும் அவளுக்கு. போகட்டும். இப்போது அம்மனும் அவளுக்கா?

வெள்ளிக்கிழமை காலையில் சொர்ணத்தாய் மோரைச் சிலுப்பிக்கொண்டே புலம்பினாள். "எனக்கு ஒண்ணும் ஓடலியே. இவள டாக்டர்ட்ட காட்டவா, இல்ல செவ்வாக்கிழமை கொடையில பானைக்கு முன்னால நிப்பாட்டவா? வெயிலுகந்தம்மா வேற நிப்பாட்டு நிப்பாட்டுங்கா."

"டாக்டர்ட்ட நான் கூட்டிட்டுப் போறேன் அத்தே" என்றாள் ராதாமணி.

சொர்ணத்தாய் மத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "நீயா?"

"ஆமா. தம்பிக்கு மில்லுல பகல் ஷிப்ட்டு. சின்னப் புள்ளய ஒத்தையில அனுப்பவா முடியும்?"

"மகராசி" என்று நெகிழ்ந்துபோனாள் மாமியார். மகராசி மனசில் என்ன ஓடியது தெரியுமா? இது வெறும் தலைவலிதான் என்று படித்த டாக்டர் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கொண்டுவந்து வெயிலுகந்தம்மாள் மூஞ்சியில் அடித்தால் செவ்வாய்க்கிழமை பானைக்கு முன்னால் நிற்பது யார் என்கிற பேச்சு அதோடு முடிந்தது. இவ்வளவுதான் அவள் பாசம்.

கிளம்பும்போது கார்த்திகேசன் ஓடிவந்து பெண்டாட்டி கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தான். "வெயில்ல போட்டுக்கோ. மதினி, பாத்துக் கூட்டிட்டுப் போங்க. இவளுக்குக் கூச்சல் ஆகாது." பிறகு அம்மாவிடம் திரும்பி, "எம்மா, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியே. மில்லுக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். இவளும் நானும் கோவில்பட்டிக்கே போயிட்டா அலைச்சல் இல்ல" என்றான்.

"கொடை முடியட்டும்லே. ஆத்தாட்ட கேட்டுச் சொல்லுதேன்."

ராதாமணி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். போகட்டுமே, நல்லதாப் போச்சு என்று அவள் மனசு துள்ளியது. வீட்டில் மறுபடி ஒரே மருமகளாக இருக்கலாம்.

பஸ்ஸில் வெயில் அடிக்கிற பக்கம்தான் இடம் கிடைத்தது. "நீ உள்ள தள்ளி உக்காரு, ஒனக்குத்தான் வெயில் ஆகாதே" என்று சன்னலோரத்தில் தான் உட்கார்ந்தாள். ஊருக்குக் காட்ட ஒரு பெருமை. வெளியே அறுவடை முடிந்த கரிசல் வாய் பிளந்து கிடந்தது. காயப்போட்ட வத்தலின் நெடி பஸ்ஸுக்குள் ஏறி வந்தது.

"அக்கா, இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிடுங்க. கண்ணக் கூசுதுல்லா?"

"நான் என்ன சினிமாவுக்கா போறேன்?"

"காலையில ஒண்ணும் சாப்பிடலியே நீங்க."

"காப்புக் கட்டியாச்சு. விரதம். ஒனக்கெங்க தெரியும் அதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் ராதாமணி. அந்தப் பிள்ளை கண்ணாடியைத் தானும் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டது. அதுவும் ராதாமணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் வைவதற்காவது சௌகரியமாக இருந்திருக்கும்.

கோவில்பட்டியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த டாக்டரம்மாவின் வீடும் ஆஸ்பத்திரியும். நடுவயதுக்காரி. அவசரப்படாமல் கேட்டாள்.

"எந்தப் பக்கம் வலிக்கும்?"

"அநேகமா இடது பக்கம் டாக்டர். சில தடவ மாறும்" என்றாள் கிருஷ்ணப்ரியா. "விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எந்திரிச்சு நடந்தா கூடும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. சாம்பிராணி வாசனை பட்டாலே குமட்டும்."

"கால் நட்ட அன்னைக்குச் சாப்பிட்டியா?"

"இல்ல. முடியுமட்டும் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாவ. முந்துன நாளு தூக்கமும் இல்ல, மாவிடிச்சோம்."

"பசி, தூக்கக்கேடு, வெயில், புகை. எல்லாம் சேர்ந்தா அது எப்படிம்மா வராம இருக்கும்?" டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், கையைக் காலை நீட்டச் சொல்லி மடக்கச் சொல்லிப் பார்த்தாள். "ஒங்க அம்மாவுக்கு இருக்கா?"

"இருக்கு."

"இது ஒத்தைத் தலைவலி. மைக்ரேன்னு சொல்லுவோம். நான் பாத்த வரைக்கும் பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு, இது நடிப்பும் இல்ல. நெறைய வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

நடிப்பு, நடிப்பு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ராதாமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஒத்தைத் தலைவலி! அம்மனும் இல்லை, கிம்மனும் இல்லை. வெயிலுகந்தம்மா, வாடி இப்போ!

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டாள். "வலி வர்றதுக்கு முன்னால கண்ணுல எதாவது வெளிச்சம் தெரியுமா?"

"இல்லியே" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"சில பேருக்கு வரும். கண்ணோரத்துல பொட்டா கெளம்பும். நெளிநெளியா மின்னிக்கிட்டே பெருசாகும். ஒரு பக்கத்துல இருக்கிறது கண்ணுக்கே தெரியாது, பாதி மறைஞ்சிரும். கை மரக்கும், உதடு மரக்கும், பேச்சு குழறும். கொஞ்ச நேரத்துல அதெல்லாம் போயிரும். அதுக்குப் பிறகு மண்டையப் பிளக்கிற வலி வரும். அப்படி வந்தா மறைக்காம சொல்லணும்."

ராதாமணிக்கு அந்த அறை ஒரு சுற்றுச் சுற்றியது.

இந்த அம்மாள் கொடைக்கு வந்ததில்லை. அந்த ஊரையே பார்த்ததில்லை. பிறகு எப்படி அம்மன் வருகிற வழியை ஒன்றுவிடாமல் சொல்கிறாள்? ராதாமணி மட்டும் கண்டது, அவளும் அம்மனும் மட்டும் அறிந்தது, மேஜைக்கு எதிரே பேனாவும் கையுமாக இருக்கிற ஒருத்திக்கு எப்படித் தெரிந்தது?

"அது... யாருக்கு வரும் டாக்டரம்மா?" கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்தாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "ஒங்களுக்கு வருதா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு வருது? நான் குத்துக்கல்லு கணக்கா இருக்கேன்."

"சரி" என்று டாக்டரம்மா விட்டுவிட்டாள். மாத்திரையை எடுத்துக் கிருஷ்ணப்ரியாவிடம் காட்டினாள். "வலி லேசா தலைகாட்டும்போதே இதப் போட்டுட்டு இருட்டுல படு. முத்தின பிறகு போட்டா கேக்காது. வேளைக்குச் சாப்பிடு, தண்ணி குடி, பட்டினி கெடக்காத. அதுக்காக மாத்திரைய மிட்டாய் மாதிரி திங்கக் கூடாது. பெட்டிக்கடையில வாங்கி வாரத்துல பாதி நாளு முழுங்குனா, அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டாரும். அப்படி ஆனவங்க தாங்களா நெனச்சு நிறுத்த முடியாது, எங்கிட்ட வரணும். அதுக்கும் வைத்தியம் இருக்கு."

ராதாமணியின் கை தானாக முந்தானை முடிச்சை மூடிக்கொண்டது. கிருஷ்ணப்ரியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ராதாமணியின் மனசு அந்தப் பூப்பொட்டலத்துக்குப் போயிற்று. பாதி மறைஞ்சிரும் என்றாளே. போன கொடையில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொட்டலம். இன்னொன்று எங்கே என்று அப்போது யோசிக்கக்கூட இல்லை. தெரிந்ததை எடுத்தாள். அவ்வளவுதானா? ஒரு கல்யாணம் நடந்தது அவ்வளவில்தானா?

குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்த்த அவள் அம்மா நினைவுக்கு வந்தாள். வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்தியில் நின்று வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர் பார்த்துப் படுப்பாள். அவளுக்கு எந்தக் கொடையிலும் யாரும் குலவை போட்டதில்லை.

கிருஷ்ணப்ரியா கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து நீட்டினாள். "ரெண்டு துண்டு வாயில போடுங்க அக்கா."

"விரதம்னு சொன்னேன்லா?"

"அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? கோவப்படாதீங்க. பொங்கலுக்கு மறுநாளு தொழுவத்துல நெத்தியக் கல்லுல முட்டுக்கொடுத்து நின்னீங்கள்லா? நான் பாத்தேன். என்னமாதிரியேதான் நின்னீங்க. டாக்டரம்மா அந்த வெளிச்சத்தச் சொல்லும்போது ஒங்க முகத்தையும்..."

"யாருட்டயாவது சொன்னியா?"

"சொல்லல."

"சொன்னேன்னு வையி, மரியாத கெட்டுப்போகும். ஒனக்கு என்னட்டி கொறச்சல்? மாமியா ரசம் வச்சுத் தாரா, புருசன் ஐஸ் வாங்கியாறான், இருட்டு ரூமு இருக்கு. எனக்குன்னு வருசத்துல ஒரு நாளு இருக்கு. அதையும் கொண்டுபோகப் பாக்குதியா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷ்ணப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு அந்த நாளு வேண்டாங்கா. நான் ஏன் சொல்லப்போறேன்?" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸிலும் வெயில் பக்கம் ராதாமணிதான் வீம்புக்கு உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் வெயிலுகந்தம்மாள் தயாராக இருந்தாள். "என்ன சொன்னாவ டாக்டரு?"

"தலைவலின்னுட்டாவ, சித்தி" என்றாள் கிருஷ்ணப்ரியா. "ஒத்தைத் தலைவலி. பட்டினி கெடக்கக் கூடாதாம், புகையில நிக்கக் கூடாதாம்."

"அப்ப சாமி இல்லியா?" வெயிலுகந்தம்மாளின் முகம் தொங்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினாள்.

"அப்புறம் என்ன, எப்பவும்போல மூத்தவளே நிக்கட்டும்" என்று சொர்ணத்தாய் முடித்துவிட்டாள். ராதாமணி நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. ஜெயித்தாயிற்று. சந்தோஷம் மட்டும் எங்கே போயிற்றோ வரவில்லை.

"ஏ புள்ள பிரியா, அலைஞ்சு வந்திருக்க. போயி இருட்டுல செத்த நேரம் சாயி, நான் மிளகு ரசம் வச்சுக் கொண்டாரேன்" என்றாள் சொர்ணத்தாய். அதே மூச்சில் திரும்பினாள். "ஏட்டி ராதா, தண்ணித் தொட்டி காஞ்சு கெடக்கு. கிடை வாரதுக்குள்ள நாலு கொடம் ஊத்து."

ஜெயித்தவளுக்குக் குடம். தோற்றவளுக்கு ரசம்.

முற்றத்துக் குழாயடியில் பித்தளைக் குடம் வெயிலில் பளீரென்று அடித்தது. ராதாமணி குனிந்து தூக்கி நிமிர்ந்தாள். கண்ணின் வலது ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் மினுக்கென்றது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அது போகவில்லை. மேளம் இல்லை, பானை இல்லை, குலவை இல்லை. சாணி நாறுகிற முற்றத்தில், ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை மத்தியானத்தில், அது தன் பாட்டுக்கு நெளிந்து பெருகியது. வீட்டு வாசல் பாதிதான் தெரிந்தது. குடம் கையிலிருந்து நழுவி உருண்டது. வலது கை விரல்கள் மரத்தன.

சத்தம் கேட்டு ஓடிவந்தாள் சொர்ணத்தாய். "என்னட்டி ஆச்சு?"

"அத்... அத்..." நாக்கு புரளவில்லை.

சொர்ணத்தாய் ஒரு கணம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதாவது, எப்போதும் போலப் புரிந்துவிட்டது. "தாயே! வந்துட்டியா! கொடைக்கு முன்னாலயே வந்துட்டியாம்மா!" என்று உள்ளே ஓடித் திருநீற்றுத் தட்டையும் சூடத்தையும் எடுத்துவந்தாள். ராதாமணியை அப்படியே முற்றத்தில் உட்காரவைத்து, சூடத்தைக் கொளுத்தி, காலில் விழுந்தாள்.

"தாயே, ஒங்கிட்டதான் கேக்கணும்னு வச்சிருந்தேன். நீயே வந்துட்ட. எம் மகன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுக் கோவில்பட்டிக்குப் போறேங்கான். அனுப்பவா, வேண்டாமா? நீ ஒரு வாக்குச் சொல்லு, அதுக்கு மேல நான் பேசமாட்டேன்."

இதைக் காட்டிலும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்குமா? ஒரே ஒரு சொல். 'அனுப்பு' என்றால் போதும். ஐஸ் கட்டி போயிற்று, கறுப்புக் கண்ணாடி போயிற்று, சத்தமில்லாத அம்மியும் போயிற்று. வீடு அவளுடையது. சொன்னது அவள் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

நாக்குத்தான் ஒத்துழைக்கவில்லை. சொர்ணத்தாய் கும்பிட்ட கையோடு காத்துக்கொண்டிருந்தாள்.

பருத்தி அறைக் கதவு திறந்தது. கிருஷ்ணப்ரியா செம்பில் தண்ணீரோடு வந்தாள். சூடத்தைப் பார்த்தாள், மாமியார் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தாள், ராதாமணியின் முகத்தைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ராதாமணி அவளை முறைத்தாள். சொல்லிவிடுவாளோ? சொல்லட்டும், சொன்னால் கடைசிவரை வெறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கிருஷ்ணப்ரியா வாயைத் திறக்கவில்லை. ராதாமணிக்கும் வெயிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் நிழல் ராதாமணியின் முகத்தில் விழுந்தது. சேலை முந்தானையையும் விரித்து, சூடத்தின் வெளிச்சம் கண்ணில் படாதபடி பிடித்துக்கொண்டாள். எங்கே வெளிச்சம் குத்தும், எவ்வளவு நிழல் வேண்டும் என்று தெரிந்த கை அது. சாம்பிராணிக்கே விழுகிறவள் சூடப்புகையில் இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

இத்தனை வருஷத்தில் ராதாமணியின் காலில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். நிழல் கொடுத்தவர் ஒருத்தரும் இல்லை.

வெளிச்சம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கியது. விரலில் உணர்ச்சி வந்தது. நாக்கு திரும்பியது. அதன் பின்னாலேயே, இடது நெற்றிப்பொட்டில் விண்ணென்று முதல் அடி விழுந்தது. இனி அவள் எது சொன்னாலும் அவளே சொன்னதுதான்.

"சொல்லு தாயே" என்றாள் சொர்ணத்தாய். "அனுப்பவா?"

"அத்தே."

சொர்ணத்தாய் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அம்மன் அவளை ஒருநாளும் அத்தே என்று கூப்பிட்டதில்லை.

"அத்தே, எந்திரிங்க. நான் ராதாதான். எனக்குத் தலை வலிக்குது."

"என்னட்டி சொல்லுத?"

"தலை வலிக்குது அத்தே. பிரியாவுக்கு வாரதேதான். எனக்கு ரொம்ப வருசமா வருது, நீங்க கேக்கல, நான் சொல்லல. கண்ணுல வெளிச்சம் வரும், நாக்கு கொழறும், பெறகு வலிக்கும். கோயில்லயும் இதான் வந்திச்சு." சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரைகள் முற்றத்தில் சிதறின. "இத முழுங்கி முழுங்கித்தான் ஒங்க தொட்டிக்குத் தண்ணி ஊத்துனேன். என்னால இப்ப முடியல. பிரியா, அந்தக் கண்ணாடியக் கொண்டாட்டி."

கிருஷ்ணப்ரியா ஓடிப்போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்து, காதோரத்து முடியை ஒதுக்கி மாட்டிவிட்டாள். "வாங்கக்கா, ரூமுல படுங்க" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். ராதாமணி எழுந்தாள்.

சொர்ணத்தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. சூடம் எரிந்து அணைகிறவரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட மூத்த மருமகளைப் பார்த்தாள். அவளைத் தாங்கி நடக்கிற இளைய மருமகளைப் பார்த்தாள். பார்வை இளையவள் மேலேயே நின்றது.

"ஏட்டி ராதா, நில்லு" என்றாள். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அது தலைவலின்னா, போன கொடையில அந்தப் பூப்பொட்டலத்த எடுத்தது யாரு கையிட்டி?"

தன் கையைப் பிடித்திருந்த கிருஷ்ணப்ரியாவின் விரல்கள் சில்லென்று ஆவதை ராதாமணி உணர்ந்தாள்.